பழைய ஆவணங்களின் வழியே ஓர் இசைக்கலைஞரின் வாழ்க்கையைத் தேடுவது: படிப்படியான முழு வழிகாட்டி

ஏறத்தாழ 1800 முதல் 1940 வரை தஞ்சாவூர்ப் பகுதியிலோ சென்னை மாகாணத்தின் பிற ஊர்களிலோ வாழ்ந்த ஒரு பாடகர், நாகஸ்வர வித்துவான், நட்டுவனார், வீணைக் கலைஞர் அல்லது ஆடல் மகளிரின் வாழ்க்கையை மூல ஆவணங்களைக் கொண்டு எழுத விரும்புவோருக்காக இது எழுதப்படுகிறது. புதிதாக வருபவர்களில் பெரும்பாலோர் ஆவணக் காப்பக அட்டவணையில் முதலில் 'சங்கீதம்' என்ற சொல்லைத் தேடுகிறார்கள். ஒன்றும் அகப்படாமல் சோர்ந்துபோகிறார்கள். பழைய ஆவணத்தில் இசைக்கலைஞர் இசைக்கலைஞராகவே காட்சி தருவது அபூர்வம். சம்பளம் பெற்றவராக, மானிய நிலம் அனுபவித்தவராக, வீடு விற்றவராக, வழக்கில் பிரதிவாதியாகத்தான் அவர் அங்கே இருக்கிறார். எனவே பாட்டை அல்ல, பணம், நிலம், வழக்கு ஆகிய மூன்றையும் பின்தொடர வேண்டும். கீழே உள்ள படிகளின் வரிசை இந்த நோக்கிலேயே அமைந்துள்ளது.

1. காப்பகத்துக்குப் போகும் முன் குறிப்பேட்டை அமையுங்கள்

ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பத்திகள் போதும். முதலாவதில் ஆவணத்தின் முகவரி: எந்த அலுவலகம், எந்த வரிசை, தொகுதி எண், பக்கம், நாள். இரண்டாவதில் ஆவணத்தின் வாசகம், பிழையோடும் விடுபாடோடும் எழுத்துக்கு எழுத்து. மூன்றாவதில் உங்கள் ஊகம். இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒரே பத்தியில் எழுதுவதுதான் நான் கண்ட தவறுகளிலேயே அதிகச் சேதம் விளைவிப்பது. ஆறு மாதம் கழித்து எடுத்துப் பார்க்கும்போது ஆவணம் சொன்னது எது, நீங்கள் எண்ணியது எது என்று உங்களுக்கே தெரியாது.

கேள்வியையும் சுருக்கிக்கொள்ள வேண்டும். 'இவருடைய வாழ்க்கை வரலாறு' என்பது தேடக்கூடிய கேள்வி அல்ல. 'இவர் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை அரண்மனைச் சம்பளம் பெற்றார்', 'இவருடைய வீடு யார் கைக்குப் போனது' என்பன தேடக்கூடியவை. காப்பக ஊழியர் உங்களுக்கு உதவ முடிவதும் இத்தகைய கேள்விகளுக்குத்தான்.

சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் போன்ற இடங்களுக்கு அறிமுகக் கடிதம், அடையாளச் சான்று, முன் அனுமதி ஆகியவற்றைத் திரட்டிக்கொண்டே செல்லுங்கள். வாசிப்பறையில் பேனாவுக்கு இடமில்லை என்று எண்ணிக்கொண்டு பென்சிலோடு போவதே நல்லது.

2. பெயர்ப் பட்டியலைத் தயாரியுங்கள்

ஒருவருக்கு ஒரு பெயர் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிட வேண்டும். வீட்டில் அழைத்த பெயர், மேடைப் பெயர், பத்திரத்தில் உள்ள பெயர், ஆங்கிலேய எழுத்தர் தம் காதில் விழுந்தபடி எழுதிய பெயர் ஆகிய நான்கும் வெவ்வேறாக இருக்கலாம். ஊர்ப் பெயர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: தஞ்சாவூர் 'டேஞ்சூர்' என்றும், திருநெல்வேலி 'டின்னவெல்லி' என்றும், திருச்சிராப்பள்ளி 'டிரிச்சினாப்பொலி' என்றும் ஆங்கில அட்டவணைகளில் இருக்கும். அட்டவணை ஆங்கில அகரவரிசையில் இருப்பதால், எந்த எழுத்தின் கீழ் பார்ப்பது என்பதே முதல் சிக்கலாகிவிடுகிறது.

முதலெழுத்துகளில் இன்னும் கவனம் தேவை. ஊர், தந்தை என்ற இரண்டை மட்டுமே எதிர்பார்ப்பவர்கள் பெண் கலைஞர்களைத் தவறவிடுகிறார்கள். எம். எஸ். சுப்புலட்சுமியின் பெயரில் உள்ள முதலெழுத்துகள் மதுரையும் அவருடைய தாயார் சண்முகவடிவும் ஆகும். தாய்வழியில் சொத்தும் கலையும் இறங்கிய குடும்பங்களில் தாயின் பெயரைக் கொண்டே தேட வேண்டும். தந்தை பெயரைத் தேடிக்கொண்டிருந்தால் ஒரு பத்திரம்கூடக் கிடைக்காது.

ஒரே பெயருடையவர்களையும் இப்போதே குறித்துவைத்துவிடுங்கள். தியாகராஜ சுவாமிகளின் சீடரான வீணை குப்பையரின் மகன் திருவொற்றியூர் தியாகையரும் இசைக்கலைஞரே. அதுவன்றித் திருவாரூர்க் கோயிலின் இறைவன் பெயரும் தியாகராஜர்; அந்த வட்டாரக் கணக்குகளில் அப்பெயர் பக்கத்துக்குப் பக்கம் வரும். 'தியாகராஜருக்கு இவ்வளவு பணம்' என்ற வரியைக் கண்டு மகிழ்ச்சியில் துள்ளும் முன், அது மனிதருக்கா மூர்த்திக்கா என்று பார்க்க வேண்டும்.

3. காலக்கணக்கைச் சரிசெய்யுங்கள்

இந்தப் படியில் அவசரப்பட்டால் பின்னால் வரும் எல்லாமே ஓராண்டோ அறுபது ஆண்டுகளோ தவறிப்போகும். ஒரே குடும்பத்தின் ஆவணங்களில் நான்கைந்து காலக்கணக்குகள் கலந்து வருவது வழக்கம்.

வருவாய்த் துறைக் கணக்கு பசலி ஆண்டில் இருக்கும். பசலியோடு 590ஐக் கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பசலி ஜூலை 1 அன்று தொடங்கியது. ஆகவே பசலி 1272 என்பது 1862 ஜூலை முதல் 1863 ஜூன் வரை. திருவிதாங்கூர் ஆவணங்கள் கொல்லம் ஆண்டைக் கொண்டவை. கொல்லம் 1010 என்பது 1834 ஆகஸ்டு நடுவில் தொடங்குகிறது. மராட்டிய ஆவணங்களில் வரும் சுஹூர் ஆண்டோடு, ஜூன் முதல் டிசம்பர் வரையிலான தேதிகளுக்கு 599ஐயும், ஜனவரி முதல் மே வரையிலான தேதிகளுக்கு 600ஐயும் கூட்ட வேண்டும்.

அதிகம் தடுக்கிவிழும் இடம் அறுபது ஆண்டுச் சுழற்சி. இரண்டு எடுத்துக்காட்டுகளைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம்.

தியாகராஜர் சித்தியடைந்தது பராபவ வருடம், புஷ்ய பகுள பஞ்சமி. 'பராபவ' என்பதைப் 'பிரபவ' என்று படித்துவிட்டால் 1807 அல்லது 1867 என்று வரும். பிரபவ சுழற்சியின் முதல் ஆண்டு, பராபவ நாற்பதாவது. சரியாகப் படித்து, பராபவ என்றால் 1846 என்று அட்டவணையைப் பார்த்து எழுதினாலும் தவறுதான். பராபவ 1846 ஏப்ரலில் தொடங்கி 1847 ஏப்ரல் வரை நீள்கிறது. அந்தப் பஞ்சமி விழுந்தது 1847 ஜனவரி 6 அன்று.

முத்துசுவாமி தீட்சிதர் விஷயத்திலும் இதே சறுக்கல்தான். சுப்பராம தீட்சிதர் தாம் 1904இல் எட்டயபுரத்தில் அச்சிட்ட நூலில், முத்துசுவாமி தீட்சிதர் மன்மத வருடம் பங்குனி மாதத்தில் பிறந்ததாகக் குறிக்கிறார். மன்மத வருடம் 1775 ஏப்ரலில் தொடங்குகிறது. பங்குனி அவ்வாண்டின் கடைசி மாதம். அப்படியானால் பிறப்பு 1776 மார்ச் வாக்கில் இருக்க வேண்டும். ஆனால் 1775 மார்ச் என்ற தேதிதான் பல இடங்களில் இன்றும் திரும்பத் திரும்ப அச்சாகிறது. 1775 மார்ச்சில் நடந்துகொண்டிருந்தது அதற்கு முந்தைய ஜய வருடம்.

ஆகவே விதி இது: தமிழ் வருடத்தை மாதத்தோடு சேர்த்தே மாற்ற வேண்டும், மார்கழி நடுவிலிருந்து பங்குனி முடிய உள்ள தேதிகளுக்கு அடுத்த ஆங்கில ஆண்டை எழுத வேண்டும். திதி, நட்சத்திரம், கிழமை ஆகியவற்றில் குறைந்தது இரண்டு கிடைத்தால் எல். டி. சாமிக்கண்ணு பிள்ளை தொகுத்த பஞ்சாங்க அட்டவணைகளைக் கொண்டு நாளையே சரிபார்க்கலாம். மாதம் இல்லாமல் வருடப் பெயர் மட்டும் இருந்தால், இரண்டு ஆங்கில ஆண்டுகளையும் '1846–47' என்பது போலக் குறிப்பேட்டில் எழுதி, அப்படியே விட்டுவிடுங்கள்.

4. அண்மைக் காலத்திலிருந்து பின்னோக்கி நகருங்கள்

பிறப்பிலிருந்து தொடங்குவது இயல்பாகத் தோன்றும். ஆனால் அங்கேதான் ஆவணம் மிகக் குறைவு. இறப்பிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வந்தால், ஒவ்வோர் ஆவணமும் தனக்கு முந்தைய ஆவணத்துக்கு வழிகாட்டும்.

இருபதாம் நூற்றாண்டுக் கலைஞராக இருந்தால் இசைத்தட்டு, வானொலி, பத்திரிகை மூன்றையும் முதலில் முடித்துவிடுங்கள். இசைத்தட்டின் ஒட்டுத்தாளில் உள்ள பெயரையும் எண்ணையும், தட்டின் அரக்குப் பகுதியில் பொறிக்கப்பட்ட எண்ணையும் தனித்தனியே குறிக்க வேண்டும். முன்னது விற்பனை எண், மறுபதிப்பில் மாறக்கூடியது, பின்னது பதிவின் எண். சென்னை வானொலி நிலையம் 1938 ஜூன் 16 அன்று தொடங்கியது என்பதால், அதன்பின் பாடியவர்களுக்கு நிகழ்ச்சி நிரல் இதழ்கள் நாள், நேரத்தோடு கிடைக்கும். 1882இல் தொடங்கிய சுதேசமித்திரனிலும் 1878இல் தொடங்கிய இந்து நாளிதழிலும் கச்சேரி அறிவிப்பும் இரங்கல் குறிப்பும் தேடலாம். இரங்கல் குறிப்பில் வயது பெரும்பாலும் உத்தேசமே. அதைக் கழித்துப் பிறந்த ஆண்டைக் கணக்கிட்டு உறுதியாக எழுதிவிடாதீர்கள்.

பலர் தொடாத ஒரு வாயில் இருக்கிறது. 1867ஆம் ஆண்டுச் சட்டப்படி, சென்னை மாகாணத்தில் அச்சான ஒவ்வொரு நூலின் விவரமும் மூன்று மாதத்துக்கொரு முறை அரசிதழின் இணைப்பாக வெளியிடப்பட்டது. நூலின் பெயர், ஆசிரியர், அச்சகம், பக்க அளவு, படிகளின் எண்ணிக்கை, விலை ஆகியவை அதில் இருக்கும். அரையணா விலைக்கு விற்ற கீர்த்தனைச் சிறுநூல்களில் ஒரு படிகூட இன்று இல்லாமற்போயிருக்கலாம். இந்தப் பட்டியலில் அவற்றின் தடம் இருக்கும். அச்சான சிறுநூல்களையே தேடுபவர்கள் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தை விட்டுவிடக் கூடாது.

5. பத்திரப் பதிவைத் தேடுங்கள்

என் அனுபவத்தில் உழைப்புக்கு மிகுந்த பலன் தருவது இந்தப் படிதான். சார்பதிவாளர் அலுவலகங்களில் பெயர்வழி அட்டவணை, சொத்துவழி அட்டவணை, உயில்களுக்குத் தனிப் புத்தகம் ஆகியவை பராமரிக்கப்பட்டு வந்துள்ளன. கணினியில் கிடைக்கும் வில்லங்க விவரம் பிற்காலத்தை மட்டுமே தொடும். முந்தைய ஆண்டுகளுக்குக் கையால் எழுதிய அட்டவணையைத் தேடக் கட்டணம் கட்டி மனுச் செய்ய வேண்டும். அதற்கு முன், அந்தத் தெரு அக்காலத்தில் எந்தச் சார்பதிவகத்தின் எல்லையில் இருந்தது என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஒரு கிரயப் பத்திரம் எவ்வளவு சொல்லும் என்பதைப் பாருங்கள். தொடக்க வரியில் எழுதிக்கொடுப்பவரின் ஊர், தெரு, தாய் அல்லது தந்தை பெயர், தொழில். பிறகு சொத்து வந்த வழி: 'பிதிரார்ஜிதம்' என்றால் முன்னோர் சொத்து, 'சுயார்ஜிதம்' என்றால் தம் சம்பாத்தியம், அதாவது அந்த வீடு கச்சேரியிலோ அரண்மனைச் சம்பளத்திலோ வந்ததாக இருக்கக்கூடும். அடுத்து விற்கும் காரணம்: மகள் கல்யாணக் கடன், முந்தைய அடமானத்தைத் தீர்ப்பது என்று ஒரு வரியில் ஒரு குடும்பத்தின் கஷ்டம் முழுவதும் வந்துவிடும். கடைசியில் சக்குபந்தி, அதாவது சொத்தின் நான்கு எல்லைகள்: 'இன்னார் வீட்டுக்கு மேற்கு, இன்னார் மனைக்கு வடக்கு.' அந்த இன்னார்களும் பெரும்பாலும் அதே தொழிலைச் செய்தவர்கள். தஞ்சை மேல வீதி போன்ற ஒரு தெருவின் பத்துப் பத்திரங்களை எடுத்துச் சக்குபந்திகளை மட்டும் கோத்தால், யார் யாருக்குப் பக்கத்து வீடு என்ற வரைபடமே உருவாகிவிடும். சாட்சிக் கையெழுத்துகளையும் விடாதீர்கள். சீடர்கள் அங்கே இருப்பார்கள்.

பழைய கையெழுத்தைப் படிப்பதற்கு முன் எண்களையும் குறிகளையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ௧ 'க' போலவும், ௫ 'ரு' போலவும், ௭ 'எ' போலவும், ௮ 'அ' போலவும், ௰ 'ய' போலவும் தோன்றும். 1836 என்பதை ௲௮௱௩௰௬ என்று எழுதியிருப்பார்கள். ௵ வருடம், ௴ மாதம், ௳ நாள். இவற்றுள் ௸ என்ற 'மேற்படி'க் குறிதான் என்னை ஏமாற்றியது: ஒரு பத்திரத்தில் '௸யார்' என்று வந்ததை ஏதோ ஒரு மனிதரின் பெயராக எடுத்துக்கொண்டு இரண்டு நாள் அவரைத் தேடினேன். 'மேற்படியார்' என்று ஒருவர் எந்த ஊரிலும் பிறக்கவில்லை என்பதை ஒரு முதிய பத்திர எழுத்தர்தான் சிரித்துக்கொண்டே சொல்லிக்கொடுத்தார்.

6. இனாம் பதிவேட்டுக்குச் செல்லுங்கள்

கோயில் பணிக்காகவோ அரசரின் கொடையாகவோ நிலம் பெற்ற குடும்பமானால் இந்தப் படியைத் தவறவிடவே கூடாது. 1858இல் அமைக்கப்பட்ட இனாம் ஆணையம், மானிய நிலங்கள் ஒவ்வொன்றையும் விசாரித்துப் பதிவேடு தயாரித்தது. நிலத்தின் அளவு, எந்தப் பணிக்காக, யாரால் முதலில் கொடுக்கப்பட்டது, முதலில் பெற்றவர் யார், இப்போது அனுபவிப்பவரின் பெயரும் வயதும், அவருக்கும் முதலில் பெற்றவருக்கும் உறவு என்ன என்று பத்திகள் அமைந்திருக்கும். ஒரே வரியில் மூன்று தலைமுறை கிடைப்பது இங்கேதான்.

பதிவேடு ஊர்வாரியாக அமைந்தது. பெயரைக் கொண்டு தேட முடியாது. எனவே 5ஆம் படியில் கிடைத்த பத்திரங்களிலிருந்து நிலம் எந்த ஊரில் இருந்தது என்பதைக் கண்டுபிடித்த பிறகே இங்கு வர வேண்டும். பத்திரப் பதிவை இதற்கு முன்னே வைத்தது இந்தக் காரணத்தால்தான்.

இங்குள்ள வயதையும் உறவையும் அப்படியே நம்பிவிடவும் கூடாது. உரிமையை நிலைநாட்ட வந்தவர்கள் சொன்னது இது. நிலம் கைவிட்டுப் போகக் கூடாது என்ற பயத்தில், தத்து எடுத்த பிள்ளை சொந்தப் பிள்ளையாகவும் தம்பி மகன் மகனாகவும் மாறியிருக்கக்கூடும். கோயிலுக்கு அர்ப்பணிக்கப்பட்ட பெண்களின் இனாம் நிலங்களை, பணிக் கட்டாயத்திலிருந்து விடுவிக்க 1929இல் ஒரு சட்டத்திருத்தம் வந்தது. அப்பெண்களைத் தேடுபவர்கள் அதையொட்டிய கோப்புகளையும் பார்க்க வேண்டும்.

7. அரண்மனைக் கணக்கும் மோடி எழுத்தும்

தஞ்சை மராட்டியர் அரண்மனையின் அன்றாடக் கணக்குகள் மராத்தி மொழியில், மோடி என்னும் வேகக் கையெழுத்தில் எழுதப்பட்டவை. சொல்லுக்குச் சொல் இடைவெளி இருக்காது. இதைத் தாமாகவே படித்துவிடலாம் என்று உட்காருபவர்கள் ஒரு மாதத்தில் எழுந்துபோய்விடுகிறார்கள். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1980களில் வெளியிட்ட தமிழாக்கத் தொகுதிகளில் முதலில் தேடுங்கள். அதில் கிடைத்த குறிப்பின் மூலத்தை மட்டும் மோடி அறிந்த ஒருவரோடு உட்கார்ந்து சரிபாருங்கள். தமிழாக்கம் தேர்ந்தெடுத்த ஆவணங்களுக்கே உள்ளது. அதில் பெயர் இல்லை என்பதாலேயே அவர் அரண்மனையில் இல்லை என்று முடிவுகட்ட இயலாது.

சம்பளக் கணக்கில் சக்கரம், பணம் என்ற நாணயங்கள் வரும். அவற்றை ரூபாயாக மாற்றி, இன்றைய மதிப்பையும் போட்டு வாசகரை வியக்கவைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அதற்குப் பதில் அதே பக்கத்தில் உள்ள வேறு ஊழியர்களின் சம்பளத்தோடு ஒப்பிடுங்கள். அந்தக் கலைஞருக்கு அரண்மனையில் இருந்த இடம் அப்போதுதான் விளங்கும்.

இரண்டாம் சிவாஜி 1855இல் ஆண் வாரிசின்றி இறந்ததும் கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) அரசு தஞ்சையை எடுத்துக்கொண்டது. அதன்பின் அரண்மனையை நம்பியிருந்தவர்கள் பற்றிய கடிதப் போக்குவரத்து ஆங்கில ஆவணங்களுக்கு மாறிவிடுகிறது. ஆகவே 1855ஐத் தாண்டித் தேடும்போது மோடியைவிட்டு எழும்பூருக்கு வந்துவிட வேண்டும்.

கலைஞர் புரவலரை மாற்றினால் ஆவணமும் ஊர் மாறும். தஞ்சை நால்வரில் இளையவரான வடிவேலு, திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் அவைக்குச் சென்றார். அவருடைய பிற்கால வாழ்க்கையைத் தஞ்சையில் தேடிப் பயனில்லை. திருவனந்தபுரத்தில், மலையாளத்திலும் கொல்லம் ஆண்டிலும் தேட வேண்டும். கிறிஸ்தவக் கலைஞர்களுக்குத் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றின் திருச்சபைப் பதிவேடுகள் உண்டு. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்ற லுத்தரன் மரபினருக்கு ஜெர்மனியின் ஹாலே நகரில் உள்ள மிஷன் ஆவணங்களும் பயன்படும்.

8. அரசுக் கோப்புகளும் வழக்குகளும்

இங்கே துறையை ஊகிப்பதுதான் வேலை. பெங்களூர் நாகரத்தினம்மாளை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் 1910இல் பதிப்பித்த முத்துப்பழனியின் 'ராதிகா சாந்த்வனம்' ஆபாசம் என்று தடைசெய்யப்பட்டது. தடை 1947இல்தான் நீங்கியது. எனவே அவர் அரசுக் கோப்பில் வருவது கல்வி, கலை என்ற தலைப்பின் கீழ் அல்ல, தடைசெய்யப்பட்ட நூல்கள் பற்றிய தலைப்பின் கீழ். உங்கள் கலைஞருக்கு அரசோடு எப்போது உரசல் அல்லது உதவி ஏற்பட்டிருக்கக்கூடும் என்று யோசித்து, அந்தத் துறையின் ஆண்டு அட்டவணையை எடுங்கள்.

வழக்குகளில் தீர்ப்பைவிட வாக்குமூலமே நமக்கு முக்கியம். தத்தெடுப்பு, வாரிசுரிமை, கோயிலில் முதல் மரியாதை ஆகியவற்றுக்கான வழக்குகளில், சாட்சிகள் குடும்பத்தின் உறவுமுறையை விரிவாகச் சொல்வார்கள். எதிர்த் தரப்பு சொல்வதையும் அதே கவனத்தோடு படியுங்கள். இரு தரப்பும் மறுக்காமல் ஒப்புக்கொண்ட செய்திதான் அந்தக் கோப்பில் மிக உறுதியானது.

9. குடும்பத்தாரை இரண்டு முறை சந்தியுங்கள்

முதல் சந்திப்பு தேடலின் தொடக்கத்திலேயே இருக்கட்டும். முதியவர்கள் காத்திருக்க மாட்டார்கள். அப்போது கேட்டுக்கொள்ளுங்கள், திருத்தாதீர்கள். இரண்டாவது சந்திப்பு ஆவணங்கள் கிடைத்த பிறகு. 'உங்கள் கொள்ளுப்பாட்டி இந்தத் தெருவில் ஒரு வீடு வாங்கினாராம், அது தெரியுமா?' என்று ஒரு பத்திர நகலை நீட்டினால், முதல் முறை வராத நினைவுகள் வரும். பரணில் இருக்கும் ஏடும் ஜாதகக் குறிப்பும் வெளியே வரும்.

சில குடும்பங்கள் தம் முன்னோரின் தொழிலையோ குலத்தையோ வெளியே பேச விரும்புவதில்லை. ஆவணத்தில் அப்பட்டமாக இருக்கிறது என்பதற்காக அவர்கள் முகத்துக்கு நேரே அந்தச் சொல்லைப் படித்துக்காட்ட வேண்டியதில்லை. எதை அச்சிடலாம், வாழ்ந்துகொண்டிருப்பவர்களின் பெயர் வரலாமா என்பதை எழுதும் முன் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

10. ஆளை உறுதிசெய்து, பிறகு எழுதுங்கள்

இரண்டு ஆவணங்களில் ஒரே பெயர் இருப்பதால் மட்டும் அவர் ஒரே ஆள் ஆகிவிட மாட்டார். பெயரோடு தாய் அல்லது தந்தை பெயர், தெரு, தொழில், உடன் வரும் சாட்சி ஆகியவற்றில் குறைந்தது இரண்டு பொருந்தினால்தான் இரண்டையும் ஒரே வாழ்க்கையில் சேர்க்கிறேன். ஒன்று மட்டும் பொருந்தினால் தனித்தாளில் வைத்துவிடுகிறேன். அந்தத் தாள்களில் பாதி பின்னால் வேறொருவருடையது என்று தெரியவந்திருக்கிறது.

காலவரிசையை எழுதும்போது ஒவ்வொரு வரிக்கும் ஒரு குறி போடுங்கள்: ஆவணம் நேராகச் சொல்வது, ஆவணத்திலிருந்து ஊகித்தது, குடும்பத்தாரும் சீடர்களும் சொல்வது. மூன்றாவது வகையைத் தள்ளிவிட வேண்டியதில்லை. அரசர் முன் பாடி மழை வருவித்த கதைக்கும் ஒரு வயது உண்டு. அது முதன்முதலில் எந்த ஆண்டில் அச்சாகியது என்பதைக் கண்டுபிடித்து, அந்த ஆண்டில் அதை எழுதுங்கள், கலைஞரின் வாழ்நாளில் அல்ல.

பன்னிரண்டு ஆண்டுகள் ஒன்றுமே கிடைக்கவில்லை என்றால் அந்த இடத்தை வெற்றாகவே விட்டுவிட்டு, எந்தெந்த வரிசைகளில் எந்த ஆண்டு வரை தேடினீர்கள் என்பதை மட்டும் பக்கத்தில் குறியுங்கள். அடுத்து வருபவர் பசலி 1272இல் நீங்கள் நிறுத்திய இடத்திலிருந்து பசலி 1273ஐத் திறந்துகொள்வார்.